ஈயம் படிந்த வளவில் ஊமல் கரி, முட்டைக்கோது, எலும்புத் தூள்: எங்கே பிழை விடுகிறோம்?

பற்றரி உடைத்த மூலை, பழைய பெயின்ற் சுரண்டி விழுந்த சுவரோரம், முன்பு கராச் நடந்த வளவு. இப்படியான மண்ணைத் திருத்த வீட்டிலும் தோட்டத்திலும் மிஞ்சும் கழிவுகள் உண்மையிலேயே உதவும். எந்த உலோகம் என்று அறியாமல் கைக்கு வந்ததை அள்ளிப் போடுவதுதான் முதற் பிழை. மற்றப் பிழைகளில் பாதி அதிலிருந்துதான் வருகின்றன.

எலும்புத் தூளையே எடுங்கள். அதிலுள்ள பொஸ்பேற் ஈயத்தோடு சேர்ந்து, நீரில் இலேசில் கரையாத கனிமமாகிவிடும். ஈயத்துக்கு இது நல்ல மருந்து. ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள் உள்ள மண்ணிலோ அதே பொஸ்பேற் கெடுதல் செய்யும். இரண்டும் மண் துணிக்கையில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதால் ஆர்சனிக் கழன்று நீரோடு கீழே இறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. கீழே இறங்குவது சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் நாம் குடிக்கும் கிணற்றுக்கே வந்து சேரும். அதனால் முதலில் உலோகச் சோதனை செய்யுங்கள். பசளை போடுவதற்காகச் செய்யும் வழமையான மண் சோதனையில் ஈயமோ, கட்மியம் என்ற நச்சு உலோகமோ தெரியாது.

அடுத்தது சுண்ணாம்பு. முட்டைக்கோது, சிப்பித்தூள், சாம்பல் எல்லாம் புளிப்பு மண்ணின் அமிலத்தைக் குறைத்து ஈயத்தையும் கட்மியத்தையும் அடக்கும். ஆனால் சுண்ணாம்பு போடச் சொல்லும் அறிவுரை புளிப்பு மண் உள்ள ஊர்களுக்கானது. உங்கள் மண்ணில் ஒரு பிடி எடுத்து வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு ஏற்கெனவே போதியளவு இருக்கிறது. முட்டைக்கோது போட்டுப் பெரிய பலன் இல்லை. சாம்பலை மேலும் மேலும் கொட்டினால் இரும்பும் நாகமும் (சிங்க்) பயிருக்குக் கிடைக்காமல் இலை வெளிறும். ஆர்சனிக் இருந்தால் அது இன்னும் இளகும்.

கரி நம் ஊருக்கு ஏற்ற பொருள். பனங்கிழங்கு கிண்டியபின் மிஞ்சும் பனங்கொட்டைக் கோதான ஊமல் வேண்டியளவு கிடைக்கும். திறந்த வெளியில் குவித்து எரித்தால் கிடைப்பது வெள்ளைச் சாம்பல். அது கரி அல்ல. காற்றை அடைத்துச் சுட்ட துண்டை உடைத்தால் உள்ளேயும் ஒரே கறுப்பாக இருக்கும். உலோகத்தைப் பிடிப்பது அதிலுள்ள நுண்துளைகளும் மேற்பரப்பும்தான். பெயின்ற் பூசிய பலகை, ரயர், மருந்தடித்த மரம் எதையும் அதோடு சேர்த்து எரிக்க வேண்டாம்.

கழிவே உலோகத்தைக் கொண்டுவருவதும் உண்டு. கோழித் தீனியிலுள்ள செம்பும் நாகமும் எருவில் தங்கும். புகையிலை கட்மியத்தை இலையில் சேர்த்து வைக்கும் செடி; சந்தேகமான நிலத்துப் புகையிலைக் கழிவைத் தோட்டத்தில் தாழ்க்காதீர்கள். கடற்பாசியும் சிப்பியும் என்றால் உப்புப் போகக் கழுவியே பாவிக்க வேண்டும்.

கரி போட்டதும் உலோகம் போய்விட்டதென்று நினைப்பது பெரும் ஆபத்து. உலோகம் உக்கிப் போகாது. கட்டுண்டு அங்கேயே கிடக்கும். பிள்ளைகளின் கையோடும் தூசியோடும் அது வாய்க்குப் போகும். உலோகத்தை உறிஞ்சட்டும் என்று கடுகோ சூரியகாந்தியோ நட்டால், அந்தச் செடியை ஆட்டுக்குப் போடவும் கூடாது, எருக்குழியில் தள்ளவும் கூடாது.

பற்றரி உடைத்த இடம் போன்ற கடும் மாசுக்குக் கரியும் எலும்புத் தூளும் போதாது. அந்த மூலையை மூடி, பிள்ளைகள் போகாதபடி வேலி அடையுங்கள். கீரையையும் கிழங்கையும் வேறு மண் நிரப்பிய சீமெந்துத் தொட்டியில் போடுங்கள்.