பழைய ஒளிர்வு அலகுகளை மாற்றும்போது எங்கே பிழை விடுகிறோம்?

வெளிநாட்டிலுள்ள சொந்தங்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பழைய புரொஜெக்டரின் கைநூலில் ‘அடி-லம்பேர்ட்’ என்று இருக்கும். பார்வைப்புலம், அதாவது கண் அசையாமல் எவ்வளவு அகலம் பார்க்கிறது என்பதை அளக்கும் கருவியின் தாளில் ‘அப்போஸ்டில்ப்’. பரணில் கிடக்கும் பெற்றோமக்ஸில் ‘500 எச்.கே.’ ஒளிர்வு என்பது ஒரு பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சத்தின் அளவு. இன்றைக்கு அதற்கு அலகு ஒன்றுதான்: சதுர மீற்றருக்கு இத்தனை கண்டெலா (கண்டெலா என்பது ஒரு திசையில் போகும் ஒளியின் வலிமைக்கான அலகு). இந்த அலகுக்கு நிட் என்றும் பெயர். மாற்றுவதற்கு ஒரு பெருக்கல் போதும். ஆனால் எதனால் பெருக்குவது என்பதில்தான் வழுக்கும்.

முதல் வழுக்கல் பை (3.1416). பழைய அலகுகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஸ்டில்ப், நிட் இரண்டும் பை இல்லாதவை: 1 ஸ்டில்ப் என்பது சதுர சென்ரிமீற்றருக்கு 1 கண்டெலா, அதாவது 10,000 நிட். லம்பேர்ட், மில்லிலம்பேர்ட், அடி-லம்பேர்ட், அப்போஸ்டில்ப் ஆகியவை பையால் வகுத்தவை. 1 லம்பேர்ட் 3183 நிட், 1 மில்லிலம்பேர்ட் 3.183 நிட், 1 அடி-லம்பேர்ட் 3.426 நிட், 1 அப்போஸ்டில்ப் 0.3183 நிட். அப்போஸ்டில்ப்புக்கு புளொண்டெல் என்றும் பெயர், வேறு அலகென்று தேடி அலைய வேண்டாம்.

பெயரைப் பார்த்து ஏமாறுகிற இடம் அப்போஸ்டில்ப்தான். ஸ்டில்ப்பில் பத்தாயிரத்தில் ஒன்று என்று எடுத்துவிடுவார்கள். உண்மையில் 1 ஸ்டில்ப் 31,416 அப்போஸ்டில்ப். விடை மூன்று மடங்கு கூடியோ குறைந்தோ வந்தால், வேறெதையும் பார்க்க முன் பையைத் தேடுங்கள்.

பை ஏன் வந்தது என்று தெரிந்தால் மறக்காது. சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி மினுக்கமில்லாத பரப்பு, தன்மேல் விழும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறவிடும். அப்படிச் சிதறும் மொத்தம், ஒளிர்வின் பை மடங்கு. கணக்கில் அந்தப் பை வராமலிருக்கவே லம்பேர்ட் குடும்பத்தை உண்டாக்கினார்கள். விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்; சதுர அடிக் கணக்கில் அதற்குப் பழைய அலகு அடி-மெழுகுதிரி. விழுவதையெல்லாம் திருப்பும் முழு வெள்ளைப் பரப்பில் 1 லக்ஸ் விழுந்தால் அது 1 அப்போஸ்டில்ப். 1 அடி-மெழுகுதிரி விழுந்தால் 1 அடி-லம்பேர்ட். வசதிதான், ஆனால் அடுத்த பிழைக்கு வாசலும் இதுவே.

வகுப்பறைச் சுவரில் 300 லக்ஸ் விழுகிறது, சுவர் அதில் 80 சதவீதத்தைத் திருப்புகிறது என்று வையுங்கள். 300 × 0.8 = 240. இது அப்போஸ்டில்ப். நிட்டில் வேண்டுமென்றால் பையால் வகுக்க வேண்டும்: 76. ‘240 நிட்’ என்று எழுதினால் அந்தச் சுவர் ஒரு கணினித் திரையளவு பிரகாசமாகிவிடும். லக்ஸ் என்பது விழும் வெளிச்சம், நிட் என்பது அங்கிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சம். பரப்பு எவ்வளவு திருப்புகிறது என்று தெரியாமல் ஒன்றை மற்றதாக மாற்றவே முடியாது. மதிய வெயிலில் முல்லைத்தீவு நந்திக்கடல் தண்ணீர் பளபளக்கிறதே, அதற்கு இந்தக் கணக்குச் சரிவராது. மினுங்கும் பரப்பு பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும்.

அடியை மீற்றராக்குவதில் பரப்புப் பிழை. காணி அளக்கிறவருக்கு இது தெரியும்: ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. அதை 3.281 ஆல் வகுத்தால் 83 வரும், தவறு, 10.764 ஆல் வகுத்தால் 25.3 சதுர மீற்றர், சரி. ஒளிர்விலும் சதுர அடிக்கு 1 கண்டெலா என்றால் 10.764 நிட். பையாலும் வகுத்தால் அடி-லம்பேர்ட்டின் 3.426 கிடைக்கும். 3.281, 3.183, 3.426 மூன்றும் அருகருகே இருப்பதால், ‘கிட்டத்தட்டச் சரி’ என்று பிழை ஒளிந்துகொள்ளும். டிஜிட்டல் சினிமாத் திரைக்குச் சொல்லும் 14 அடி-லம்பேர்ட் 48 நிட் என்பதை மனதில் வைத்தால் சரிபார்க்க உதவும்.

பார்வைப்புலக் கருவியில் பின்னணி 31.5 அப்போஸ்டில்ப் என்றால் அது 10 நிட். அங்கே சிக்கல் டெசிபெல். அது ஒளிர்வல்ல, அந்தக் கருவியின் உச்ச ஒளியிலிருந்து எவ்வளவு குறைத்தார்கள் என்பது: ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் ஒளி பத்தில் ஒன்றாகும். உச்சம் 10,000 அப்போஸ்டில்ப் உள்ள கருவியில் 25 டெசிபெலும், உச்சம் 1000 உள்ள கருவியில் 15 டெசிபெலும் ஒரே ஒளிதான்: 31.6 அப்போஸ்டில்ப். இரண்டு கருவிகளின் தாள்களை டெசிபெலை மட்டும் பார்த்து ஒப்பிட்டால், கண் ஒரேயடியாக மோசமானது போலத் தெரியும். உச்சத்தைக் கட்டாயம் குறித்துவையுங்கள்.

பெற்றோமக்ஸுக்கு வருவோம். எச்.கே. என்பது ஹெஃப்னர் மெழுகுதிரி, சுமார் 0.9 கண்டெலா. 500 எச்.கே. ஏறக்குறைய 450 கண்டெலா. இதை நேரே நிட் ஆக்க முடியாது, ஏனென்றால் பரப்பு இல்லை. மென்டில் உங்கள் பக்கம் காட்டும் பரப்பு 25 சதுர சென்ரிமீற்றர் என்றால் 450 ÷ 25 = 18 ஸ்டில்ப், அதாவது 180,000 நிட். மெழுகுதிரிச் சுடரோ 1 ஸ்டில்ப் அளவுதான். பெற்றோமக்ஸ் கண்ணைக் கூச வைப்பதில் அதிசயமில்லை.

மில்லிலம்பேர்ட்டையும் அடி-லம்பேர்ட்டையும் ஒன்றாக எடுத்தால் 7 சதவீதம் பிசகும். மேலோட்டமான வேலைக்குப் பரவாயில்லை, கருவியை அளவுதிருத்தும்போது கூடாது. பைக்கு 22/7 போட்டாலும் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் ‘60 அடி-லம்பேர்ட்’ என்ற பழைய குறிப்பை 205.58 நிட் என்று எழுதாதீர்கள், 206 போதும்.