உப்புத்தாளில் பெண் உருவம்: அச்சிடும் முறை

1830களில் ஆங்கிலேயப் புகைப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் உருவாக்கிய இந்தப் புகைப்பட அச்சு முறையில், உருவத்தைத் தரும் வெள்ளி காகித இழைக்குள்ளேயே தங்குகிறது. பளபளப்பே இல்லாத அந்தப் பரப்பு, தோள் வளைவின் மெல்லிய நிழலை அழகாகக் காட்டும்.

1 லிட்டர் நீரில் அயோடின் சேராத உப்பு 20 கிராம் கரைத்து, பருத்தித் தாளை 3 நிமிடம் ஊறவைத்து உலர்த்துங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்: அடுத்துப் பூசும் வெள்ளி உப்பான சில்வர் நைட்ரேட் தோலைக் கறுக்கவைக்கும், கண்ணைக் கெடுக்கும். 100 மி.லி. காய்ச்சி வடித்த நீருக்கு அது 12 கிராம். இந்தக் கரைசலை மங்கிய மஞ்சள் விளக்கில், உப்பிட்ட தாளின்மேல் தூரிகையால் பூசுங்கள். தூரிகையில் உலோகப் பட்டை இருந்தால் கரும்புள்ளி விழும். ஈரத்தாள் நெகட்டிவைக் கறையாக்கும், நன்றாக உலரட்டும்.

எல்லாம் நெகட்டிவில்தான் இருக்கிறது. அச்சின் அளவிலேயே, கான்ட்ராஸ்ட் (ஒளி-நிழல் வேறுபாடு) மிகுந்ததாக வேண்டும். நெகட்டிவ் வெளிறியிருந்தால் அச்சில் மேனி முழுதும் ஒரே சாம்பலாகிவிடும். நெகட்டிவைத் தாளோடு ஒட்டி அழுத்தி வெயிலில் வைத்து, வேண்டியதைவிடக் கருமையாகும்வரை விடுங்கள், ஹைப்போ என்ற நிலைப்படுத்தும் கரைசலில் வெளிறும்.

பால்போன்ற கலங்கல் நிற்கும்வரை அலசி, 10% ஹைப்போவில் இருமுறை நிலைப்படுத்தி, அரைமணிக்கு மேல் ஓடும் நீரில் கழுவுங்கள். குறைத்தால் வெண்பகுதிகள் பின்னாளில் மஞ்சளாகும்.