இம்ப்ளாண்ட் கேஸுக்கு ஸ்டோன் மாடல்: அனலாக் அசையாமல் ஊற்றும் முறை

சொந்தப் பல்லுக்கு கேப் செய்யும்போது மாடலில் (வாயின் அச்சில் ஸ்டோன் என்ற கடின ஜிப்சத்தை ஊற்றி எடுக்கும் நகல்) சின்னப் பிழை இருந்தால் பல்லே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். வேருக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய நார்த்திசு அதை 25 முதல் 100 மைக்ரான் வரை அசைய விடுகிறது. இம்ப்ளாண்டுக்கு, அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கை வேருக்கு, அந்த நார் கிடையாது. எலும்பைப் பற்றி நிற்கும் டைட்டானியம் 3 முதல் 5 மைக்ரான்தான் அசையும். அதனால் மாடலில் அனலாக் (வாயில் உள்ள இம்ப்ளாண்டுக்குப் பதிலாக ஸ்டோனில் நிற்கும் உலோக மாதிரி) ஒரு மயிரிழை திரும்பியிருந்தாலும் கேப் வாயில் உட்காராது; உட்கார்ந்தாலும் ஸ்க்ரூ அடிக்கடி தளரும். மாடலின் நிறம், வழவழப்பான அடித்தளம் எல்லாம் பார்வைக்குத்தான். அனலாக் நின்ற இடத்தில் நிற்கிறதா என்பதே கேள்வி.

அளவு கைக்கு வந்ததும்

மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ எடுத்த அளவு (ட்ரேயில் எடுத்த வாயின் அச்சு), களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் லேபுக்குப் போகலாம். அங்கிருந்து இங்கேயும் வரலாம். அனுப்புகிறவர்கள் ஆல்ஜினேட் (உலர்ந்தால் சுருங்கும் அளவுப் பொருள்) பழக்கத்தில் ஈரப் பஞ்சு சுற்றி வைப்பார்கள். பாலிஈதர் என்ற ரப்பர் வகை அளவுக்கு அது ஆகாது, தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். பாலிஈதர், சிலிகோன் இரண்டையும் உலர்வாகத்தான் அனுப்ப வேண்டும். ஆல்ஜினேட் அளவில் இம்ப்ளாண்ட் வேலை மாடல் ஊற்றவே கூடாது.

முதலில் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். எச்சிலும் ரத்தமும் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் ஸ்டோன் இறுகாமல் மாவாக உதிரும். பிறகு 1% சோடியம் ஹைப்போகுளோரைட் தெளித்து, மூடிய பையில் 10 நிமிடம் வைத்து, மறுபடி கழுவி, காற்றால் ஊதி உலர்த்துங்கள். அடிஷன் சிலிகோன் என்றால் எடுத்ததிலிருந்து ஒரு மணி நேரமாவது போகட்டும். அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அவசரப்பட்டு ஊற்றினால் மாடல் முழுக்க ஊசிமுனைக் குழிகள்.

அடுத்து, டாக்டரிடமிருந்து இம்ப்ளாண்ட் பெட்டியின் ஸ்டிக்கர் போட்டோவை வாங்குங்கள். கம்பெனி, சிஸ்டம், பிளாட்பார்ம் (இம்ப்ளாண்டின் இணைப்பு வாய்) அளவு மூன்றும் பொருந்தும் அனலாக்தான் வேண்டும். கலர் ஒன்றுதானே என்று எடுக்காதீர்கள், கலர் கோட் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய மாடலை உடைத்து எடுத்த அனலாக்கும் வேண்டாம். அதன் வாய் தேய்ந்திருக்கும், உள்ளே ஸ்டோன் துகள் இருக்கும்.

அனலாக் பூட்டுவது

பிழைகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. ஓப்பன் ட்ரே (மேலே துளை உள்ள ட்ரே) அளவில் கோப்பிங், அதாவது அளவெடுக்கும்போது இம்ப்ளாண்டில் பூட்டும் துண்டு, அளவுக்குள்ளேயே இருக்கும். அனலாக்கை கோப்பிங்கின் வாயில் வைத்து, அனலாக்கை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் இறுகப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கைட் பின்னை (கோப்பிங்கின் நீள ஸ்க்ரூவை) விரலால் திருகுங்கள். அனலாக்கைப் பிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருப்பினால் அந்தத் திருகுவிசை கோப்பிங்குக்குப் போய், ரப்பருக்குள் அது ஒரு துளி சுழலும். கண்ணுக்குத் தெரியாது; கேப் வந்தபிறகுதான் தெரியும். ராட்செட் (இறுக்கும் சாவி) வேண்டாம், விரல் இறுக்கம் போதும். பூட்டியபின் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து இணைப்பைச் சுற்றிலும் பாருங்கள். கோடு தெரியலாம், இடைவெளி தெரியக் கூடாது. தெரிந்தால் கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள்.

குளோஸ்டு ட்ரே (துளை இல்லாத ட்ரே) கோப்பிங்கை டாக்டர் கழற்றித் தனியாகத் தருவார். அதை அனலாக்கில் பூட்டியபின், அளவில் பதிந்த தட்டைப் பக்கத்தோடு கோப்பிங்கின் தட்டைப் பக்கம் பொருந்தும்படி நேராக அழுத்துங்கள். சரியாக இறங்கினால் விரலுக்கே தெரியும். மேலே நின்றால் அளவு திரும்ப எடுப்பதுதான் வழி.

ஈறு மாஸ்க்

கோப்பிங்கும் அனலாக்கும் சேரும் இடத்தைச் சுற்றி ஈறுக்குப் பதிலாக மென்மையான சிலிகோன் வைக்கிறோம். பின்னால் அதைக் கழற்றி இணைப்பைப் பார்க்கலாம், ஈறிலிருந்து கேப் எழும் வளைவையும் சரிசெய்யலாம். சிலிகோன் அளவின் மேல் சிலிகோன் மாஸ்க் பட்டால் இரண்டும் ஒன்றாகிப் பிரியாது. ஆகவே செப்பரேட்டரை (ஒட்டாமல் தடுக்கும் திரவத்தை) மெல்லிதாகத் தடவி, உலர விட்டு, பிறகுதான் ஊசிமுனையால் மாஸ்க் விடவேண்டும். இணைப்பிலிருந்து 2 முதல் 3 மில்லிமீட்டர் உயரம் போதும். அனலாக்கில் உள்ள வெட்டுப் பள்ளங்களை மாஸ்க் மூடக் கூடாது. ஸ்டோன் அனலாக்கைப் பிடிப்பது அந்தப் பள்ளங்களில்தான். பக்கத்துப் பல்லின் மேலும் ஏறக் கூடாது. இறுகியதும் ஓரங்களைச் சரிவாக வெட்டிவிடுங்கள், அப்போதுதான் கழற்றி மாட்ட வரும்.

ஸ்டோன்

டைப் 4 டை ஸ்டோனையே எடுங்கள். இறுகும்போது அதன் விரிவு அதிகபட்சம் 0.15%. இரண்டு இம்ப்ளாண்டுக்கு நடுவே 40 மில்லிமீட்டர் என்றால் அது 60 மைக்ரான். டைப் 5 ஸ்டோன் 0.30% வரை விரியும், அதே தூரத்தில் 120 மைக்ரான். வலுவானது என்று டைப் 5 பக்கம் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு தாடையின் பல் பகுதிக்குச் சுமார் 150 கிராம் பொடி ஆகும். 100 கிராமுக்கு 22 மில்லி என்று பாக்கெட்டில் இருந்தால் 33 மில்லி தண்ணீர். பொடியை டிஜிட்டல் தராசில், தண்ணீரை சிரிஞ்சில் அளந்துகொள்ளுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம். கலவை இட்லி மாவைவிடக் கெட்டியாக, வைப்ரேட்டரில் வைத்தால் மட்டும் ஓடுவதாக இருக்கும். புதியவர்கள் இதைப் பார்த்துப் பயந்து இன்னும் 5 மில்லி ஊற்றுவார்கள். கலவை அழகாக ஓடும், மாடல் பொடிப்பொடியாகும்.

கடலோர ஊர்களின் போர் தண்ணீரில் உப்பு இருக்கும். கொஞ்சம் உப்பு ஸ்டோனை விரைவாக இறுக வைக்கும், விரிவையும் மாற்றும். டிஸ்டில்டு தண்ணீர் வாங்கி வைப்பது மலிவு. இந்தப் பக்கம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் உண்டு; திறந்த பை ஈரத்தை இழுக்கும். தொடக்கத்தில் சீக்கிரம் இறுகும், நாள்பட்டால் இறுகத் தாமதமாகும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

தண்ணீரை முதலில் விட்டு, பொடியைத் தூவி, 10 விநாடி ஊற விட்டு, வேக்குவம் மிக்ஸரில் அரை நிமிடம். கையால் என்றால் ஒரு நிமிடம். முதலில் பிரஷால் அனலாக்கின் பள்ளங்களில் கொஞ்சம் தடவி நிரப்புங்கள், இல்லையென்றால் அங்கே காற்று தங்கும். வைப்ரேட்டர் குறைந்த வேகத்தில் இருக்கட்டும். ட்ரேயின் ஒரு கோடியிலிருந்து சிறிது சிறிதாக விட்டால் ஸ்டோன் தானே ஊர்ந்து மறுகோடிக்குப் போகும். நடுவில் கொட்டாதீர்கள். அனலாக்கின் அடிநுனிக்குமேல் அரை சென்டிமீட்டர் ஏறும்வரை ஊற்றி நிறுத்துங்கள். ஈரமாக இருக்கும்போது கவிழ்த்து அடித்தளத்தில் அமுக்கவே கூடாது. அது இறுகியபின், டைப் 3 ஸ்டோனில் அடித்தளம் தனியாக.

திறப்பதும் சரிபார்ப்பதும்

ஒரு மணி நேரம் காத்திருங்கள். ஸ்டோன் சூடேறிப் பின் ஆறியிருக்க வேண்டும். ஓப்பன் ட்ரேயில் முதல் வேலை கைட் பின்னை முழுவதும் கழற்றுவது. மறந்துவிட்டு ட்ரேயை இழுத்தால் அனலாக் பெயரும், இல்லையென்றால் பக்கத்துப் பல் உடையும். பிறகு நேராக இழுங்கள், ஆட்டி ஆட்டி அல்ல.

ட்ரிம்மரில் செதுக்குமுன் மாடலை நனைக்க வேண்டுமென்றால் ஸ்டோன் தூள் கரைந்த தண்ணீரில் நனையுங்கள். வெறும் தண்ணீர் மேற்பரப்பைக் கரைக்கும்.

இப்போது அனலாக்கில் ஒரு கோப்பிங்கைப் பூட்டி மெதுவாக அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் தெரிந்தாலும் அந்த மாடல் குப்பைக்குத்தான். சூப்பர் குளூ விட்டு ஒட்டுவதைச் சிலர் செய்கிறார்கள், அது நோயாளியின் தலையில் கட்டும் வேலை.

இரண்டுக்கு மேல் இம்ப்ளாண்ட் இருந்தால் பேட்டர்ன் ரெசினில் (கலந்ததும் இறுகும் பிளாஸ்டிக்) ஜிக் ஒன்று (எல்லா இம்ப்ளாண்ட் இடங்களையும் இணைக்கும் சட்டம்) செய்து, நடுவில் மெல்லிய டிஸ்க்கால் வெட்டி, ரெசின் சுருங்கி முடிய ஒரு நாள் விட்டுவிடுங்கள். டாக்டர் துண்டுகளை வாயில் பூட்டி வெட்டை ரெசினால் இணைப்பார். அந்த ஜிக் மாடலில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால் வேலையைத் தொடங்கலாம். உட்காரவில்லை என்றால் பொருந்தாத அனலாக்கைச் சுற்றியுள்ள ஸ்டோனைக் குடைந்து அனலாக்கை வெளியே எடுங்கள். அதை ஜிக்கில் பூட்டி, ஜிக்கை மற்ற அனலாக்குகளில் இறுக்கி, குடைந்த குழியில் புது டைப் 4 ஸ்டோனை நிரப்பி இறுக விடுங்கள்.