வார்டில் பேசத் தெரிந்தவருக்கு ஓஇடி பேச வரும்

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் மாலை நேரத்தில், நர்ஸாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஓஇடி தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக மருத்துவத் துறையினர் எழுதும் இங்கிலீஷ் தேர்வு அது. ஜி.ஹெச்சில் டியூட்டி முடித்து நேராக வருகிறவர்கள் உண்டு. ஏற்காட்டுக்குத் திரும்பும் பஸ்ஸைக் கணக்குப் பண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறவர்களும் உண்டு. எல்லோரும் வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "அக்கா, புரியுது, ஆனா பேச வாய் வரமாட்டேங்குது." இப்படிச் சொல்லும் ஒருவர் உங்கள் வீட்டிலோ வார்டிலோ இருந்தால், நீங்களே உதவலாம். அதற்கு இங்கிலீஷில் புலியாக இருக்கத் தேவையில்லை.

முதலில் எந்தத் தேர்வு என்று முடிவு செய்யுங்கள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, எல்லாத் துறையினரும் எழுதும் பொது இங்கிலீஷ் தேர்வான ஐயெல்ட்ஸ், ஓஇடி இரண்டுமே செல்லும். ஐயெல்ட்ஸ் என்றால் ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் (ஸ்பீக்கிங், லிசனிங், ரீடிங்) 7 வேண்டும். ஓஇடி என்றால் ரைட்டிங்கில் சி பிளஸ் கிரேடு, மற்றவற்றில் பி. ஐயெல்ட்ஸில் நகரப் போக்குவரத்து, விளம்பரம் என்று எதைப் பற்றியும் 250 வார்த்தையில் கட்டுரை கேட்பார்கள். ஓஇடியில் நோயாளி, மருந்து, டிஸ்சார்ஜ் மட்டும்தான். வார்டில் நாலைந்து வருஷம் ஓடியாடிய பிள்ளைக்கு நான் ஓஇடியைத்தான் சொல்வேன்.

ஓஇடி ஸ்பீக்கிங்கில் இரண்டு ரோல்பிளே, அதாவது அட்டையில் கொடுத்த சூழ்நிலையில் ஒருவர் நோயாளியாக நடிக்க, பிள்ளை நர்ஸாகப் பேசவேண்டும். ஒவ்வொன்றுக்கும் அட்டையைப் படிக்க 3 நிமிஷம், பேச 5 நிமிஷம். இதற்கென்று மனப்பாட வசனங்கள் ஊரெல்லாம் சுற்றுகின்றன. அவற்றைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நோயாளியாக நடிப்பவர் வேறு ஒன்றைக் கேட்டதும் பிள்ளை அப்படியே நின்றுவிடும்.

நான் செய்வது இது. அட்டையில் 'புதிதாகச் சுகர் வந்த அம்மா, இன்சுலின் ஊசிக்குப் பயப்படுகிறார்' என்று இருக்கிறது. பிள்ளை உடனே அறிவுரையை அடுக்க ஆரம்பிக்கும்: ஊசியை இடம் மாற்றிப் போடுங்கள், சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள், இப்படி. அங்கேயே நிறுத்தி, தமிழில் கேட்பேன்: "வார்டுல ஒரு பாட்டி, ஊசி வேண்டாம் கண்ணுன்னு கையை இழுத்துக்கிட்டா என்ன பண்ணுவே?"

"பக்கத்துல உக்காந்து, ஏன் பாட்டி, என்ன பயம்னு கேப்பேன்."

"சரி, நான்தான் பாட்டி. கேளு."

முதல் சுற்று முழுக்கத் தமிழில். நான் பாட்டியாக, "எங்க அக்காவுக்கு இன்சுலின் போட ஆரம்பிச்சாங்க, அப்புறம் காலையே எடுத்துட்டாங்க" என்பேன். அந்தப் பிள்ளை எவ்வளவு அழகாகச் சமாதானம் சொல்லும் தெரியுமா! கால் போனது ஊசியால் இல்லை, சுகர் ரொம்ப நாள் கட்டுக்குள் வராததால்தான் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லும். அடுத்த சுற்றில் அதே அட்டை, அதே பாட்டி, இங்கிலீஷில். இந்த முறை முதல் வாக்கியமே "வாட் இஸ் வொரியிங் யூ அபௌட் த இன்ஜெக்‌ஷன்?" என்று வந்துவிடும். ஓஇடியில் மொழிக்கு மட்டும் மார்க் இல்லை. நோயாளியின் கவலையைக் கேட்டறிவதற்கும், விஷயத்தை அவருக்குப் புரியும்படி சொல்வதற்கும் தனியாக மார்க் உண்டு. அது இந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது, மொழிதான் மாறவேண்டும்.

பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். முடிந்ததும் ஒரே ஒரு குறையை மட்டும் சொல்லுங்கள். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் அது வேகம்தான். பயத்தில் மூச்சுவிடாமல் ஓட்டுவார்கள். அடுத்து, 'எஃப்' ஒலி 'ப' ஆகிவிடும், வார்த்தை முடிவில் வரும் 'ஸ்' விழுந்துவிடும். ஒரு வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டால் போதும்.

ரைட்டிங் 45 நிமிஷம். அதில் முதல் 5 நிமிஷம் படிக்க மட்டும். கேஸ் நோட்ஸை, அதாவது நோயாளியைப் பற்றிக் கொடுத்திருக்கும் குறிப்புகளைப் பார்த்து 180 முதல் 200 வார்த்தைக்குள் ஒரு கடிதம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், நோட்ஸில் இருப்பதையெல்லாம் அதே வரிசையில் இறக்கிவிடுவதால். போன வாரம் ஒரு பிள்ளை எழுதியது: முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிற 68 வயது அம்மாவைப் பற்றி, வீட்டுக்கு வந்து பார்க்கப்போகும் நர்ஸுக்கு. முதல் பத்தியிலேயே சின்ன வயதில் எடுத்த குடல்வால், அப்பாவுக்கு இருந்த இதய நோய் எல்லாம் வந்துவிட்டன. நான் கேட்டேன்: "இதைப் படிக்கிற நர்ஸ் நாளைக்குக் காலையில அந்த வீட்டுக்குள்ள போனதும் என்ன செய்யணும்?" டிரெஸ்ஸிங், தையல் பிரிக்கும் தேதி, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி, வாக்கர் என்று கடகடவெனச் சொன்னாள். அவைதான் கடிதம். 'தனியாக வசிக்கிறார்' என்பது இருக்கட்டும், யார் ஊசி போடுவார்கள் என்பதை அது தீர்மானிக்கிறது. மருந்து அலர்ஜியும் இருந்தே ஆகவேண்டும். குடல்வாலை அடித்துவிட்டோம். ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவர் கொடுப்பது போலத்தான் இது, அடுத்து வருகிறவருக்கு எது வேண்டுமோ அது மட்டும்.

லிசனிங்கில் ஆடியோ ஒரே தடவைதான் ஓடும். காதில் விழுவதை எழுதிக்கொண்டே போகும் பழக்கம் வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் நீங்கள் படித்துக்காட்டுங்கள், அவர் குறிப்பெடுக்கட்டும். ரீடிங்கில் முதல் பகுதிக்கு மட்டும் தனிக் கவனம்: 15 நிமிஷத்தில் 20 கேள்வி. நேரம் முடிந்தால் திரும்பப் போக முடியாது. கடிகாரத்தை வைத்துப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்த அன்று மாதிரித் தேர்வு வைக்காதீர்கள். அன்றைக்கு வரும் மார்க் தூக்கக் கலக்கத்தின் மார்க். அது அந்தப் பிள்ளையின் மனசை ஒடித்துவிடும். அன்று ஒரு ரோல்பிளே மட்டும் பேசவிட்டுத் தூங்க அனுப்புங்கள்.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தலைவலி. சர்டிபிகேட்டில் ஒற்றை எழுத்தாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து பார்த்து நிரப்பிவிட்டு, அப்புறம் பணம் கட்டுங்கள்.