627001 பகா எண்ணா? பெரிய எண்ணில் சறுக்கும் இடங்கள்

பாளையங்கோட்டையில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். போட்டித் தேர்வுக்கு வரும் பிள்ளைகளிடம் பெரிய எண் ஒன்றைக் கொடுத்து, "இதன் ஜாதகத்தை எழுதுங்க" என்பேன். பகா எண்ணா, பகு எண்ணா, வகுத்திகள் எத்தனை, மிகை எண்ணா (எண்ணைத் தவிர மற்ற வகுத்திகளின் கூடுதல் எண்ணைவிடப் பெரிது), குறை எண்ணா (கூடுதல் எண்ணைவிடச் சிறிது). முதலில் கொடுப்பது திருநெல்வேலிப் பின்கோடு 627001. கூட்டல் பிழை, கழித்தல் பிழையெல்லாம் தானாகவே சரியாகிவிடும். நான் அந்த வயதில் செய்த தப்பையே இவர்களும் செய்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

பாதியில் நிறுத்திவிட்டு 'பகா எண்' என்பது

போன வாரம் ஒரு பையன் ஐந்தே நிமிடத்தில் எழுந்து நின்றான்.

"சார், எதுலயும் போக மாட்டேங்கு. பகா எண்தான்."

"எதுவரைக்கும்லே பார்த்த?"

"31 வரைக்கும் சார்."

எனக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு கணிதப் போட்டியில் இதே எண் வந்தது. 67 வரை வகுத்துப் பார்த்தேன். கை கடுத்தது. பகா எண் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். 67-க்கு அடுத்த பகா எண் 71. 71 × 8831 = 627001. இன்னும் ஒரே ஒரு வகுத்தல்! பரிசு போய்விட்டது. இன்றைக்கும் கவரில் அந்தப் பின்கோடை எழுதும்போது எரிச்சல் வரும்.

எதுவரை வகுப்பது? வர்க்கமூலம் வரை. ஓர் எண் இரண்டாக உடைந்தால், இரண்டு காரணிகளும் ஒருசேர வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது; ஒன்றாவது அதற்குள் இருக்கும். 792-இன் வர்க்கம் 627264, அது நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆக 791 வரையுள்ள பகா எண்கள், மொத்தம் 138. அத்தனையிலும் போகாவிட்டால்தான் பகா எண். சலிப்பான வேலைதான், ஆனால் இங்கே அவசரப்பட்டால் ஜாதகம் முழுக்கக் கோணலாகும். வகுத்திகள் 2 என்று எழுதுவீர்கள், உண்மையில் 4. எண்ணை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 1 என்பீர்கள், சரியான விடை 8903.

71 கிடைத்ததுமே பேனாவை மூடிவிடுகிறவர்களும் உண்டு. 8831 மேலும் உடையாது என்று யார் சொன்னது? அதற்கு 89 வரை பார்த்தால் போதும். பார்த்தாயிற்று, உடையவில்லை.

அடுக்கை மறப்பது

627000 = 2³ × 3 × 5³ × 11 × 19. ஐந்து பகாக் காரணிகள், அதனால் 32 வகுத்திகள் என்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 4 × 2 × 4 × 2 × 2 = 128. எண்ணைத் தவிர மற்ற வகுத்திகளின் கூடுதல் 1619400, எண்ணைவிடப் பெரிது, எனவே மிகை எண். பக்கத்து வீட்டு 627001 குறை எண்.

ஃபெர்மா சோதனையை மட்டும் நம்புவது

2 போன்ற ஓர் அடிமானத்தை, எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை; வந்தால் பகா எண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 341 அடிமானம் 2-இல் தேறிவிடும். ஆனால் 11 × 31.

எக்செல்லில் 16 இலக்க எண்

கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். அப்புறம் "10-ஆல போகுது சார்" என்று வந்து நிற்பார்கள்.