வீட்டுத்தோட்டத்தை வானத்திலிருந்து அளக்கும்போது எங்கே தவறுகிறோம்?

கேரளத்தின் வீட்டுத்தோட்டங்கள், கண்டியின் தோட்டங்கள், ஜாவாவின் பெக்காராங்கான், கிளிமஞ்சாரோ சரிவில் சக்கா மக்கள் வாழையும் காப்பியும் கலந்து வளர்க்கும் தோட்டங்கள் என எதை எடுத்தாலும் செயற்கைக்கோள் படத்தில் அது காடு மாதிரிதான் தெரியும். தொலையுணர்வு (செயற்கைக்கோள், ட்ரோன் போன்றவற்றால் தொலைவிலிருந்து அளப்பது) வழியாக இவற்றை ஆராய வருபவர்கள் படத்தை வகைப்படுத்த எந்த அல்காரிதம் (கணினி வழிமுறை) உசத்தி என்ற விவாதத்திலேயே பாதி நேரத்தைக் கழிக்கிறார்கள். ரேண்டம் ஃபாரஸ்டா, டீப் லேர்னிங்கா என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. வரைபடம் கெட்டுப்போவது அதற்கு வெகு முன்பே.

எதை வீட்டுத்தோட்டம் என்று கொள்கிறோம் என்பதை எழுதிவைக்காமலே படத்தைத் திறந்துவிடுவது முதல் கோளாறு. வீட்டைச் சுற்றி மரம் இருந்தால் போதுமா, பல அடுக்கு வேண்டுமா, வீட்டை ஒட்டி ரப்பர் மட்டும் நின்றால் அது எதில் சேரும்? இதை முடிவு செய்யாமல் இரண்டு பேர் பயிற்சிப் புள்ளிகளை, அதாவது கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் மாதிரி இடங்களை, குறித்தால், ஒரே மாதிரித் தோட்டங்கள் இரண்டு வகுப்புகளில் போய் உட்காரும். வீடு இருக்கிறதா என்று பார்க்கக் கட்டட வரைபடங்களை நம்புவதிலும் கவனம் தேவை. அவையும் மேலிருந்து எடுத்த படங்களிலிருந்து வந்தவைதான். பலா மரத்தடியில் மறைந்த கூரை அவற்றிலும் விடுபட்டிருக்கும்.

ஆயத்த வரைபடங்களை அப்படியே எடுத்தாள்வது இதன் தொடர்ச்சி. உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் காடு என்றால் அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், 10 சதவீதத்துக்கு மேல் மர நிழல். ஆனால் முதன்மையாக விவசாயத்துக்குப் பயன்படும் நிலம் அதில் சேராது. மேரிலாந்துப் பல்கலைக்கழகக் குழு 2013-ல் வெளியிட்ட உலக மரப்பரப்பு வரைபடமோ, 5 மீட்டருக்கு மேல் உயரமான எந்தத் தாவரத்தையும் மரப்பரப்பு என்றே எடுத்துக்கொள்கிறது. இரண்டாவதைக் காடு என்று நினைத்துப் பயன்படுத்தினால் வீட்டுத்தோட்டமும் காடாகிவிடும். யாரோ பழைய மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்தால் அது காடழிப்பு என்று அறிக்கையில் ஏறும்.

அடுத்தது பிக்சல் கணக்கு, அதாவது படத்தின் ஒரு சிறு கட்டம் தரையில் எவ்வளவு என்பது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் மிக நுணுக்கமான பிக்சலே 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். 25 சென்ட் தோட்டத்தில் பத்து பிக்சல்தான் விழும். அவற்றிலும் பாதிக்கு மேல் ஓரத்தில் விழுந்து, பக்கத்து நிலத்தையும் பாதையையும் கூரையையும் கலந்து காட்டும். 30 மீட்டர் பிக்சல் கொண்ட லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் அந்தத் தோட்டம் முழுவதுமே ஒரு பிக்சலுக்குச் சற்று அதிகம். இந்தப் படங்களை வைத்து ஒவ்வொரு தோட்டத்தின் எல்லையையும் வரைய முயல்வது வீண் வேலை என்பேன். ஊரளவில் மரப்பரப்பு விகிதம், கலப்பு நிலத்தின் போக்கு ஆகியவற்றை ஆராய்ந்தால் அதே படம் நன்றாகவே உதவும். சென்டினலின் சிவப்பு விளிம்புப் பட்டைகள் (சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட ஒளியைப் பதிபவை) 20 மீட்டர் பிக்சல் கொண்டவை. அவற்றை 10 மீட்டராக மாற்றிப் போட்டாலும் புதிதாக எந்த விவரமும் பிறக்காது.

பருவத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் தங்களை அறியாமலேயே சிக்குகிறார்கள். மழைக்காலத்தில் மேகம். அதனால் தெளிவான படங்கள் எல்லாம் வறண்ட மாதங்களில் குவியும். களப்பணிக்கும் வசதியான காலம் அதுதான். ஆனால் சேனை, மஞ்சள், இஞ்சி எல்லாம் அப்போது தண்டு மடிந்து மண்ணுக்குள் கிடக்கும். நேரில் போய்ப் பார்த்தாலும் கீழடுக்கு காலியாகத் தெரியும். படமும் களக் குறிப்பும் ஒன்றை ஒன்று உறுதி செய்வதால் எல்லாம் சரி என்று தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே பொய்யைச் சொல்கின்றன. மழைக்குப் பிறகு ஒரு முறையாவது போக வேண்டும். போக முடியாவிட்டால் வீட்டில் இருப்பவர்களிடம் மாதவாரியாக என்ன நடுகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

ஒரே தேதியில் எடுத்த படத்தை நம்புவதும் இதே வகைதான். கேரளத்தில் ரப்பர் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில் இலை உதிர்த்துத் துளிர்க்கும். அந்த மாற்றத்தைத் தொடர் படங்களில் பிடித்தால் ரப்பரைக் கலப்புத் தோட்டத்திலிருந்து பிரித்துவிடலாம்; ஒற்றைப் படத்தில் அது கிடைக்காது. ஆனால் பசுமை குறைந்ததெல்லாம் இழப்பு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மிளகுக் கொடி ஏறும் கல்யாண முருங்கையையும், தழைக்கு வளர்க்கும் கிளைரிசிடியாவையும் கவாத்து செய்வது வழக்கமான வேலை. சில வாரங்களில் மீண்டும் தழைத்துவிடும்.

செங்குத்தாக என்ன இருக்கிறது என்பது இன்னொரு வில்லங்கம். செயற்கைக்கோள் படத்தை வைத்துத் தோட்டத்தில் எத்தனை வகைச் செடி, மரங்கள் உள்ளன என்று சொல்வது, மொட்டை மாடியிலிருந்து குடைகளை எண்ணிவிட்டு அடியில் யார் யார் நிற்கிறார்கள் என்று சொல்வது போன்றது. என்டிவிஐ என்ற பசுமைக் குறியீடு அடர்ந்த பசுமையில் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. இரண்டு அடுக்குத் தோட்டமும் ஐந்து அடுக்குத் தோட்டமும் ஒரே எண்ணைக் காட்டலாம். சென்டினல்-1 ரேடாரின் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர், பெரும்பாலும் மேல் இலைகளிலேயே சிதறிவிடும். விண்வெளி நிலையத்தில் பொருத்திய கெடி லைடார் (லேசர் ஒளியால் உயரம் அளக்கும் கருவி) உயர அடுக்குகளைக் காட்டும். ஆனால் அதன் ஒவ்வொரு புள்ளியும் 25 மீட்டர் விட்டம் கொண்டது, இடக் குறிப்பிலும் சுமார் 10 மீட்டர் பிசகு உண்டு. சிறு தோட்டத்தில் அது அடுத்தவர் வீட்டு மரமாகவும் இருக்கலாம். ட்ரோன் படங்களால் உயரம் கணக்கிடும்போது, அடர்ந்த நிழலில் தரையே தெரியாது. அதனால் தரை மட்டத்தைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு மரங்களைக் குட்டையாக்கிவிடுவோம்.

கார்பன் கணக்கு போடுபவர்களுக்கு ஒன்று. சுற்றளவை வைத்து எடை கணிக்கும் காட்டு மரச் சூத்திரத்தில் தென்னையையும் பாக்கையும் போடாதீர்கள். பனைக் குடும்பத்து மரங்கள் வயதுக்கேற்பப் பருப்பதில்லை. சுற்றளவு அப்படியே நிற்க, உயரம்தான் கூடும். அவற்றுக்கு உயரத்தை வைத்த தனிச் சூத்திரம் வேண்டும்.

களத்தில் கைபேசி ஜிபிஎஸ் மர நிழலில் 10 மீட்டருக்கு மேலும் பிசகும். அது ஒரு முழு பிக்சல். தோட்டத்தின் நடுவில் நின்று சில நிமிடம் பதிவு செய்யுங்கள், அல்லது உரிமையாளரை அருகில் வைத்துக்கொண்டே நுணுக்கப் படத்தின் மேல் எல்லையை வரையுங்கள். சாலையோர வீடுகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பரப்பளவைப் பாகை அளவில் (அட்சரேகை, தீர்க்கரேகை) உள்ள கோப்பில் கணக்கிடாமல், மீட்டரில் அளக்கும் யுடிஎம் வரைபட முறையின் உரிய மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கேரளம் 43, இலங்கை 44.

கடைசியாகத் துல்லியம். 10,000 ஹெக்டேர் வரைபடத்தில் 1,000 ஹெக்டேர் வீட்டுத்தோட்டம் என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சரிபார்த்ததில் அதில் 80 சதவீதம் சரி. மீதி 9,000-ல் 5 சதவீதம் உண்மையில் தோட்டம். அப்படியானால் நிஜப் பரப்பு 800-உம் 450-உம் சேர்ந்து 1,250 ஹெக்டேர். சரியாக வகைப்பட்டது 800-உம் 8,550-உம், அதனால் மொத்தத் துல்லியம் என்னவோ 93.5 சதவீதம்! ஆனால் தோட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரைபடத்திலேயே இல்லை. பிக்சலை எண்ணிப் பரப்பு சொல்வதன் விலை இது. பயிற்சிப் புள்ளிகளையும் சோதனைப் புள்ளிகளையும் ஒரே ஊரிலிருந்து கலைத்துப் போட்டுப் பிரித்திருந்தால் அந்த 93.5-ஐயும் நம்ப முடியாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுபோலவே இருக்கும். சில ஊர்களை முழுவதுமாக ஒதுக்கிவைத்துச் சோதித்தால் எண் குறையும், ஆனால் அதை வெளியில் சொல்லலாம்.