யோவான் 9 ஆம் அதிகாரத்தைக் கொண்டு அகக்கண்ணைச் சோதித்தறியும் முறை

யோவான் நற்செய்தியின் 9 ஆம் அதிகாரத்தில் 41 வசனங்கள் உள்ளன. இயேசு சேறு உண்டாக்கிக் கண்களில் பூச, பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் அவர் சொற்படி எருசலேமின் சீலோவாம் குளத்தில் கழுவிப் பார்வை பெறுவது 7 ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது; மீதியில் பெரும்பகுதி விசாரணைதான். 8 முதல் 34 வரையிலான வசனங்களில் இயேசு அங்கே இல்லை. அவர் கண்முன் இல்லாதபோது யார் எதைக் காண்கிறார்கள் என்பதையே நற்செய்தியாளர் காட்டுகிறார். கத்தோலிக்கத் திருச்சபை தன் மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் முதல் ஆண்டில், தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று இப்பகுதியை வாசிக்கிறது. எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும், ஒரு வார காலம் தற்பரிசோதனைக்கு இதை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் எதையும் குறிக்காமல் அதிகாரம் முழுவதையும் வாய்விட்டு வாசியுங்கள். மறுநாள் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ‘தெரியும்’, ‘தெரியாது’ என்ற பொருளில் வரும் ஒவ்வொரு கூற்றையும் அடிக்கோடிட்டு, அதைச் சொன்னவர் யார் என்று ஓரத்தில் எழுதுங்கள். இந்த வேலையை அவசரமாக முடிக்க வேண்டாம், ஏனெனில் அதிகாரத்தின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது. பார்வை பெற்றவர், இயேசு எங்கே இருக்கிறார் என்பது தமக்குத் தெரியாது என்கிறார் (12). இயேசு பாவியா என்பதும் தெரியாது, தாம் பார்வையற்றிருந்து இப்போது காண்பது ஒன்றே தெரியும் என்கிறார் (25). இறுதியில், தாம் விசுவாசிக்க வேண்டியவர் யார் என்று இயேசுவிடமே கேட்கிறார் (36). அவரை விசாரித்த பரிசேயரோ (யூதச் சமயச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த குழுவினர்), இயேசு என்ற இந்த மனிதன் பாவி என்று தங்களுக்குத் தெரியும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டுத்தான் விசாரிக்கிறார்கள் (24). அறியாமையை ஒப்புக்கொண்டவர் முதலில் ‘இயேசு என்னும் மனிதர்’ என்றும், பிறகு ‘தீர்க்கதரிசி’ என்றும் சொல்லி, கடைசியில் பணிந்து வணங்கும் இடத்துக்கு வந்து சேர்கிறார். எல்லாம் தெரிந்தவர்கள், வேலை செய்யக்கூடாத ஓய்வுநாளில் இயேசு சேறு உண்டாக்கியது சரியா என்ற கேள்வியை விட்டு ஓரடியும் நகரவில்லை. பார்வை பெற்றவரும் ஓரிடத்தில் ‘நமக்குத் தெரியும்’ என்று பேசத்தான் செய்கிறார் (31). ஆனால் அவர் தம் கண்ணுக்கு நேர்ந்ததிலிருந்து பேசுகிறார். அவர்கள் அந்தக் கண்ணைப் பார்க்காதிருப்பதற்காகப் பேசுகிறார்கள். உறுதியாகப் பேசுவதே குருட்டுத்தனம் என்று இதை எடுத்துக்கொண்டால் பயிற்சி தவறிவிடும்.

மூன்றாம் நாள் உங்கள் ‘எனக்குத் தெரியும்’களை ஒரு தாளில் எழுதுங்கள். அந்த வீட்டில் ஏன் இத்தனை நோய் என்று எனக்குத் தெரியும். இன்னாருடைய பக்தி வெறும் வேஷம் என்று எனக்குத் தெரியும். என் சகோதரன் திருந்தமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும், இது நான் கண்டதிலிருந்து வந்ததா, அல்லது மேற்கொண்டு பாராமல் இருப்பதற்கு நான் வைத்துக்கொண்ட காரணமா என்று குறியுங்கள். முதல் வகையை விட்டுவிட்டு, இரண்டாவதையே ஜெபத்துக்குக் கொண்டுபோங்கள். பெற்றோரின் பதிலையும் (20–23) ஒருமுறை திரும்பப் பாருங்கள்: ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கப்படுவோம் என்ற பயம் அவர்களை நழுவிப் பேச வைத்தது. கண்டும் வாய் திறவாத காரியங்களுக்குத் தனித் தாள் வைத்துக்கொள்வது நல்லது.

ஜெபத்துக்கு மாற்கு நற்செய்தியின் 10 ஆம் அதிகாரம் உதவும். தமக்கு வலதுபுறமும் இடதுபுறமும் இடம் கேட்க வந்த யாக்கோபையும் யோவானையும், வழியோரத்தில் கூப்பிட்ட பார்வையற்ற பர்திமேயுவையும் இயேசு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்? சீடர்கள் மேன்மையைக் கேட்டார்கள், பர்திமேயு பார்வையைக் கேட்டார். அக்கேள்விக்கு உங்கள் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு, அது யாருடைய பதிலைப் போலிருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு வாரத்தில் எல்லாம் தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெத்சாயிதா ஊரில் இயேசு குணமாக்கிய பார்வையற்ற ஒருவர் முதலில் மனிதரை நடக்கிற மரங்களைப் போலக் கண்டார். இயேசு மீண்டும் கை வைத்த பிறகே தெளிவாகக் கண்டார் (மாற்கு 8:22–25). ஆங்கிலேய மாலுமியாக இருந்து பின்னாளில் போதகரான ஜான் நியூட்டன் 1748 இல் கடற்புயலில் தேவனை நோக்கிக் கூப்பிட்டு மனந்திரும்பத் தொடங்கியவர். அதன் பிறகும் 1754 வரை அடிமை வியாபாரக் கப்பல்களில் பயணம் செய்தார். அவ்வியாபாரத்தை எதிர்த்து அவர் வெளிப்படையாக எழுதியது 1788 இல். இத்தனை ஆண்டுகள் ஒரு விசுவாசியின் கண்ணுக்குத் தப்பியது சின்ன விஷயமல்ல. ஆகவே உங்கள் தாளை, உங்களிடம் பயமின்றிப் பேசக்கூடிய ஒருவரிடம் காட்டுங்கள். அவர் சொல்வதற்கு அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள்.

குழுவாக வாசிப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பரிசேயரின் பிடிவாதத்தை யூத மக்கள் மீது ஏற்றிப் பேசக்கூடாது. பார்வை பெற்றவரும் பெற்றோரும் சீடரும் இயேசுவும் யூதர்களே. இரண்டாவது, பார்வையற்ற ஒருவர் குழுவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடல் குறைபாட்டைப் பாவத்தின் அடையாளமாக யாரும் பேசத் தொடங்கினால், வழிநடத்துபவர் அங்கேயே நிறுத்தி 3 ஆம் வசனத்தை வாசிக்கச் செய்யட்டும். இவன் செய்த பாவமோ பெற்றோர் செய்த பாவமோ காரணமல்ல என்று இயேசு அதில் சொல்லியிருக்கிறார்.